சிவப்பாக வந்த தண்ணீர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மதகின் ஷட்டரை எப்படி ஏற்றுவது, அளவுகோலில் தண்ணீரை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் வேறு திரும்பச் சொல்லி உங்கள் பிராணனை வாங்கப் போவதில்லை. நீர்வளத்துறையில் என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி நொய்யல் கரையிலேயே போனது. அதில் ஒரு காலைப் பொழுதை மட்டும் சொல்கிறேன்.

சேர்ந்த அன்றைக்கே உங்கள் கையில் ஒரு படுகை வரைபடம் கொடுத்திருப்பார்கள். மேற்கே வெள்ளியங்கிரி மலையில் கிளம்பி, கோவை, சூலூர், திருப்பூர் என்று கிழக்கே இறங்கிக் காவிரியில் சேரும் ஒரு நீலக்கோடு. இரண்டு பக்கமும் பள்ளங்களும் ஓடைகளும் வந்து சேரும். வழிநெடுக அணைக்கட்டுகள். அவற்றின் மதகுகளிலிருந்து வாய்க்கால் பிரியும், வாய்க்கால் முடிகிற இடத்தில் குளம் இருக்கும். படத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரே தடத்தில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன என்பது அதில் இருக்காது. மலையில் மழை பெய்தால் வருவது ஒன்று. ஊருக்குள் மழை பெய்தால் வருவது இன்னொன்று. இரண்டும் ஒரே மதகுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். வந்திருப்பது எது என்று கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். ஷட்டரை ஏற்றி இறக்க மோட்டார் போதும்.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் என்னைத் திருப்பூருக்குக் கீழே போட்டிருந்தார்கள். தண்ணீர் கேட்டு மறியல் செய்கிற விவசாயிகளைத்தான் அதுவரை எனக்குத் தெரியும். அங்கே போனால், மதகைத் திறந்துவிடாதீர்கள் என்று ராத்திரி பகலாகக் காவல் இருந்தார்கள். சாயப்பட்டறைத் தண்ணீர் வாய்க்காலில் ஏறிக் குளம் நிரம்பி, குளத்திலிருந்து கிணறுகளுக்கு இறங்கியிருந்தது. ஒரு தோப்பில் வெயிலுக்கு ஒதுங்கினேன். தோப்புக்காரர் ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கெட்ட தண்ணீர் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் மண்ணிலிருந்து திரும்ப எடுக்க முடியாது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அந்த ஒரு மடக்கைப் போல எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு, சூலூருக்குக் கிழக்கே ஓர் அணைக்கட்டு என் பொறுப்பில் இருந்தது. அதன் வலது கரை வாய்க்கால் போய்ச் சேருகிற குளம் பல வருடமாகக் காய்ந்து கிடந்தது. உள்ளே வேலிக்காத்தான் முள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஆடு மேய்க்கப் போனவர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள். குளத்தை நம்பியிருந்த கிணறுகள் வற்றின. ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்களுக்கும் தண்ணீருக்குப் பதில் மண்புகைதான் வந்தது.

அந்தக் குளத்துப் பாசன சங்கத்தின் தலைவர் சென்னியப்பன். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். முழுக்க முழுக்கத் தென்னை. லாரியில் தண்ணீர் வாங்கி மரத்துக்கு மரம் ஊற்றிக்கொண்டிருந்தார். குளம் ஒரு தடவை நிரம்பினால் கிணறு ஊறிவிடும், தோப்பு பிழைத்துக்கொள்ளும். அந்த வருடமும் நிரம்பாவிட்டால் மரங்கள் தாங்காது. இதை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஏதோ நான் மறந்துவிட்ட மாதிரி, பொறுமையாக, முதலிலிருந்து சொல்வார்.

என்னை அவர் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். என் அப்பா கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தவர், அம்மா அதே தோட்டத்தில் களை வெட்டியவர். தோட்டத்துக்காரர் யாரும் என் அம்மாவை அம்மணி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் சென்னியப்பன் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். என் பூர்வீகம் அந்தக் குளத்துக்காரர்களுக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் யாரும் சாதியை நேராகக் கேட்கமாட்டார்கள். ஏனுங்க, சொந்த ஊரு எதுங்க என்பார்கள். ஊரைச் சொன்னதும், ஊருக்குள்ளீங்களா தோட்டத்துலீங்களா என்பார்கள். மூன்றாவது கேள்விக்குத் தேவையே இருக்காது.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் விடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் லஸ்கர் ஆறுமுகம் போன் செய்தார். மதகை இயக்குகிற ஊழியரை எங்கள் துறையில் இன்றைக்கும் லஸ்கர் என்றுதான் சொல்கிறோம். ஆற்றில் செந்தண்ணீர் வந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார். குரலே பாடியது. நான் ஜீப்பில் போய் இறங்குவதற்குள் ஊரே கரையில் நின்றது. புதுத் தண்ணீர் வந்தால் மதகில் மஞ்சளும் பூவும் போட்டுத் தேங்காய் உடைத்துத்தான் வாய்க்காலுக்குள் அழைப்பார்கள். சென்னியப்பனின் மனைவி தாம்பாளத்தில் செவ்வந்தியோடு முன்னால் நின்றார். வேப்பமரத்தில் ஒரு கிடாய் கட்டியிருந்தது. இளவட்டங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் அணைக்கட்டின் மேல் வழிந்து போய்க்கொண்டிருந்தது. நல்ல செக்கச்செவேல் என்று இருந்தது. எனக்கும் நெஞ்சு ஒரு நிமிடம் துள்ளியது, பொய் சொல்வானேன். எங்கள் பக்கத்தில் கறுப்பாக வந்தால் சாக்கடை, சிவப்பாக வந்தால் மலைத் தண்ணீர். இது குழந்தைக்கும் தெரியும். ஆறுமுகம் ஷட்டரைச் சுற்றும் இரும்புக் கைப்பிடியை மாட்டித் தயாராக வைத்துவிட்டு, நான் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார்.

ஏன் தலையாட்டவில்லை என்று இன்றைக்கு யோசித்தால் ஒரே ஒரு காரணம்தான். முந்தின சாயங்காலம் நான் மேற்கே பார்த்தபோது மலை துலக்கமாகத் தெரிந்தது. மலையில் நல்ல மழை என்றால் மலை தெரியாது. ஒருவேளை ராத்திரி பெய்திருக்கலாம். ஆனால் மலையில் ராத்திரி விழுந்த தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் எங்கள் அணைக்கட்டுக்கு வர முடியாது. நடுவில் இருக்கிற அத்தனை அணைக்கட்டையும் குளத்தையும் தாண்டி வரவேண்டும்.

மிதப்பதைப் பார்த்தேன். மலைத் தண்ணீர் என்றால் மூங்கிலும் சருகும் வரும். அன்றைக்குக் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒரு செருப்பு, தெர்மகோல். அதை வைத்தும் உறுதியாகச் சொல்ல முடியாது. மலைக்குப் போகிற பக்தர்களும் இப்போது பாட்டிலைத்தானே புண்ணியமாக விட்டுவிட்டு வருகிறார்கள். மலையடிவாரத்தில் இருக்கிற முதல் அணைக்கட்டின் லஸ்கருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன்.

இதற்குள் கரையில் சலசலப்பு வந்துவிட்டது. கண்முன்னால் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. பல வருடமாகக் காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் வயிற்றெரிச்சல். சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“தண்ணி சிவப்பா வருதுங்க அம்மணி. இன்னும் என்னத்தைப் பாக்கோணும்?”

எங்கே மழை என்று தெரியவேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் பொறுத்தார், கூட்டம் பொறுக்கவில்லை. ஆறுமுகமே என்னிடம் வந்து, மலைத் தண்ணிதானுங்க மேடம், நான் பாக்காத தண்ணிங்களா என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தக் கரையிலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர், அதே ஆட்களுக்கு நடுவில்தான் நாளைக்கும் டீ குடிக்கவேண்டும். நான் கைப்பிடியைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, ஜீப்புக்குள் வைத்துப் பூட்டினேன். அவரைக் காப்பாற்றவும்தான் அப்படிச் செய்தேன். கூட்டத்துக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

பின்னால் யாரோ ஒருவர் குரலைத் தணிக்காமலேயே சொன்னார்.

“பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு நம்ம தண்ணிய மூடிப்போட்டு நிக்கறா.”

இத்தனை வருடம் இந்த ஆற்றோடு நான் பட்டதெல்லாம் கடைசியில் இந்த ஒரு வாக்கியமாகப் போய்விட்டதே என்று ஆத்திரம் வந்தது. அந்த நிமிடத்தில் ஷட்டரைத் திறந்துவிட்டால் அந்த வாயை அடைத்துவிடலாம் என்றும் தோன்றியது. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களைப் பயமுறுத்தித் தப்பு செய்ய வைப்பவர்கள் ஒரு ரகம். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று நிரூபிக்கத் தூண்டித் தப்பு செய்ய வைப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்திடம்தான் நல்லவர்கள் விழுவார்கள்.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்து, அந்தப் பேச்சு வேண்டாங்க என்றார். கூட்டம் அடங்கியது. பிறகு என்னிடம் திரும்பி, அதே அமைதியான குரலில், “ஆனா மதகத் தொறங்க” என்றார்.

அப்போதுதான் மலையடிவாரத்து லஸ்கர் திரும்பக் கூப்பிட்டார். குளித்துக்கொண்டிருந்தாராம். இங்கே மணல் காய்ந்து கிடக்குதுங்க மேடம், மேகம்கூட இல்லை என்றார். அடுத்து கோவையில் இருக்கும் என் தங்கைக்குப் போட்டேன். நடுராத்திரியிலிருந்தே ஊருக்கு வடக்கே கொட்டுகிறது, கணபதிப் பகுதியில் முழங்கால் அளவுத் தண்ணீர் என்றாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வடக்கே குறிஞ்சியும் முல்லையுமா இருக்கிறது? தோண்டிப் போட்ட செம்மண்தான் இருக்கிறது. தோட்டங்களையெல்லாம் மனையாக்கிச் சாலை போட்டுக் குவித்த மண். மழை அதைக் கரைத்து, நொய்யலில் வந்து சேரும் சங்கனூர்ப் பள்ளத்தில் இறக்கி, ஊர்ச் சாக்கடை மேல் சிவப்புப் பூசி அனுப்பியிருந்தது. மழை வந்தால் யாருக்கும் தெரியாது என்று பட்டறைக் கழிவைத் திறந்துவிடுகிறவர்களும் அந்த வழியில்தான் இருக்கிறார்கள்.

கூட்டத்திடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. போனில் எவனோ சொன்னால் ஆயிற்றா, கண் இருக்கிறதே என்றார்கள். பெரிய இடங்களிலிருந்து போன் வர ஆரம்பித்தது. நான் எங்கள் செயற்பொறியாளரைக் கூப்பிட்டேன். என்னைவிட வயதில் சிறியவர், சிடுமூஞ்சி, அவரிடம் திட்டு வாங்காத ஆள் அலுவலகத்தில் கிடையாது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“நான் மூடுன்னா மூடுவீங்க, தொறன்னாத் தொறப்பீங்க. ரெண்டையும் சொல்லப் போறதில்லீங்க மேடம். தண்ணி உங்க கண்ணு முன்னால போகுது. நீங்க என்ன பண்ணுனாலும் அது நான் போட்ட உத்தரவுன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிக்கிறேன்.”

போனை வைத்துவிட்டார். அப்போது எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. கை கழுவிவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கூப்பிட்ட பெரிய இடங்களுக்கெல்லாம் மூடச் சொன்னது நான்தான் என்று அவரே பதில் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் அவரைத் தூரத்துக்கு மாற்றினார்கள். தன் கண்ணால் பார்க்காத தண்ணீருக்கு உத்தரவு போடாத அதிகாரி, போடாத உத்தரவுக்குத் தண்டனை வாங்கிக்கொண்ட அதிகாரி, இரண்டும் ஒரே ஆளாக அவரை மட்டும்தான் நான் பார்த்தேன்.

மதகைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பூட்டிய ஜீப்பில் சாய்ந்து நின்றேன். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. உச்சிவெயில் ஏறும்போது சிவப்பு மெல்ல வெளுத்தது. அதன் பின்னால் கறுப்பு வந்தது. நாற்றம் முதலில், நுரை பிறகு. அணைக்கட்டில் விழுந்த இடத்தில் நுரை இடுப்பு உயரத்துக்கு எழும்பிக் காற்றில் துண்டு துண்டாகப் பறந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கிடாயை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். சென்னியப்பனின் மனைவி கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போக மனமில்லாமல் தாம்பாளத்தை ஆற்றில் கவிழ்த்தார். செவ்வந்தி தண்ணீரைத் தொடாமல் நுரை மேலேயே உட்கார்ந்து போயிற்று.

நீங்கள் சொன்னது சரி என்று யாரும் சொல்லவில்லை. அதைவிட மோசம், எதிர்க்கரையில், வேறோர் அணைக்கட்டிலிருந்து பிரிகிற இன்னொரு வாய்க்கால் இருக்கிறது, அது என் பொறுப்பில் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் சிவப்பைப் பார்த்ததும் திறந்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அங்கே பட்டாசு வெடித்தது எங்கள் கரைக்குக் கேட்டது.

அந்தப் பருவத்தில் மலையில் மழை இல்லாமல் இல்லை. ஆனால் சொற்பம். வந்த கொஞ்சத்தை மேலே இருக்கிற குளங்களே வாங்கிக்கொண்டன, எங்கள் அணைக்கட்டுவரை ஒரு சொட்டும் வரவில்லை. நல்ல தண்ணீர் வரும், அப்போது திறக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். வரவில்லை. எதிர்க்கரையில் ஒரு வெள்ளாமை எடுத்தார்கள். அடுத்த கோடையில் அவர்கள் கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டு கரையிலும் அழுகைதான். எங்கள் கரையில் முதலிலேயே அழுதார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னியப்பன் தோப்பில் முதலில் மட்டைகள் தொங்கின. பிறகு குருத்து காய்ந்தது. பிறகு மண்டை இல்லாத மரங்கள் வரிசையாக நின்றன. ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். நிலத்தை விற்றுவிட்டதாகவும் கோவைக்கு வடக்கே சரவணம்பட்டியில் மகன் வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார். மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், நாலாவது மாடியில் வீடு. நான் டீ வரவழைத்தேன். குடித்தார். அன்றைக்கு யாரோ சொன்ன வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பியிருக்கமாட்டார். பிறகு எழுந்து, கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

“நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேனுங்க. நீங்க மண்ணைக் காப்பாத்துனீங்க அம்மணி. நான் கேட்டது தண்ணீங்க.”

இப்போது அதே காலை வந்தாலும் நான் மூடித்தான் வைப்பேன். ஆனால் சரியாகச் செய்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழை எங்கே என்று கேளுங்கள், நிறத்தை நம்பாதீர்கள், கைப்பிடியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆறு உங்களுக்கு ஒன்றும் கடன்படவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். நான் இருந்த அணைக்கட்டுக்கு அடுத்துக் கீழே இருக்கும் அணைக்கட்டில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிற பெண். பெயரைச் சொல்லி அவளைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. காலை நேரம், பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

“மேடம், ஆத்துல செந்தண்ணி வருதுங்க. எல்லாரும் தொறக்கச் சொல்றாங்க.”

மழை எங்கே என்று கேட்டாயா என்றேன். கேட்டிருந்தாள், கெட்டிக்காரி. மலையிலும் மழை இல்லை, கோவையிலும் இல்லை. சூலூருக்குக் கிழக்கே மட்டும்தான் விடியற்காலையில் பெய்திருக்கிறது. சாக்கடை நாற்றமும் இல்லை. அப்புறம் இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மொட்டை மரங்களைப் பிடுங்கி, வரப்பைத் தட்டி, ஜேசிபி விட்டுத் தோண்டி, மனைக்கல் நட்டிருந்தார்கள். கெட்ட தண்ணீர் ஒரு சொட்டும் படாத மண். புண்ணாகத் திறந்து, சிவப்பாகக் கிடந்தது.

“அது மலைத் தண்ணி இல்ல கண்ணு” என்றேன். “அது சென்னியப்பன் தோட்டம்.”

ஆருங்க மேடம் அது என்று கேட்டாள். போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிட்டேன்.